வெப்ஜிஎல் போடச் சொல்றவை, முதல்லை "நிலாவெளி" எண்டு ஒழுங்கா எழுதிக் காட்டுங்கோ

விசர் வருது, உண்மையாத்தான்.

நிலாவெளியிலை ஒரு தங்குவிடுதியின்ரை வெப்சைட்டுக்குத் திருகோணமலை வரைபடம் ஒண்டு செய்யோணும். கோணேசர் கோயில், பிரெட்ரிக் கோட்டை, கன்னியா வெந்நீரூற்று, உப்புவெளி, புறாமலை எண்டு மிஞ்சிப்போனா நாப்பது இடம். விரலாலை தொட்டா பேரும் ரெண்டு வரி விளக்கமும் வரோணும். முடிஞ்சுது வேலை. ஆனா பிரவுசரிலை படம் கீறுற வழிகள், எஸ்விஜி, கான்வஸ், கிராபிக்ஸ் சிப்பாலை கீறுற வெப்ஜிஎல், இதுகளிலை எதிலை கீறலாம் எண்டு வாயைத் திறந்தாப் போதும், ஆளாளுக்குப் பிரசங்கம். "எஸ்விஜி பழசு அண்ணை." "கான்வஸ் எண்டா பறக்கும்." "இப்பவும் ஆரும் வெப்ஜிஎல் இல்லாமல் செய்வினமே?" ஒரு தம்பி வெப்ஜிஎல்லுக்குப் பிறகு வந்த வெப்ஜிபியுவிலையே நிக்கிறார். அது குரோமிலை வந்ததே 2023 இலை, ஆண்ட்ரொயிட் போனுக்கு அடுத்த வருசம்தான், அதுவும் அப்ப ஆண்ட்ரொயிட் 12க்குக் கீழை ஏலாது. வாற சனத்திட்டை புதுப் போன் வாங்கிக்கொண்டு வாங்கோ எண்டு சொல்லட்டே?

எஸ்விஜி பழசாம்! 2001 இலை இணையத்துக்கான பொதுத்தரமா ஏற்கப்பட்டது, சரி. கான்வஸை அப்பிள் கொண்டுவந்தது 2004 இலை. இடையிலை மூண்டு வருசம். அதுக்குள்ளை ஒண்டு கிழடு, மற்றது குமரோ?

கான்வஸிலை கீறுறது ஈரமணலிலை கீறுற மாதிரி. கீறினாப் பிறகு எது கோயில், எது கோட்டை எண்டு மணலுக்குத் தெரியாது. விரல் எங்கை பட்டது எண்டு நானே கணக்குப் பார்க்கோணும். திரை அடர்த்தி மூண்டு மடங்கான போனிலை அப்பிடியே விட்டா எல்லாம் கலங்கலாத் தெரியும். கூராக்கப் போனா அகலமும் மூண்டு, உயரமும் மூண்டு, ஒன்பது மடங்கு பிக்சல். கண் தெரியாத ஆளின்ரை திரைவாசிப்பானுக்கு அங்கை ஒரு வெறும் பெட்டிதான். எஸ்விஜியிலை ஒவ்வொரு இடமும் தனி உறுப்பு. தொடுகை, நிறம், பேர் எல்லாம் அதிலையே ஒட்டலாம், எவ்வளவு பெருப்பிச்சாலும் கலங்காது. ஆயிரக்கணக்கிலை உறுப்பு சேர்ந்தா மூச்சு வாங்கும், மறுக்கேல்லை. துறைமுகத்தின்ரை ஆழத்தைப் புள்ளி புள்ளியாக் கீறச் சொன்னா நானே கான்வஸுக்குப் போவன். நாப்பது இடத்துக்கு?

இனி வெப்ஜிஎல் ஆக்களிட்டை வாறன். உங்கடை வெப்ஜிஎல்லுக்கு எழுத்தே தெரியாது. முக்கோணம் தெரியும், கோடு தெரியும், புள்ளி தெரியும். எழுத்து வேணுமெண்டா அதைப் படமாக்கி ஒட்டோணும். அதுக்கெண்டு வாற லைப்ரரிகளிலை கனக்க, ஒரு குறியீட்டுக்கு ஒரு படம் எண்டு வெட்டி இடமிருந்து வலமா அடுக்கும். ஆங்கிலத்துக்கு அது காணும். தமிழுக்கு? "நிலாவெளி"யிலை ஒற்றைக்கொம்பு வகரத்துக்குப் பின்னாலை போய் ளி-க்கு முன்னாலை குந்திக்கொண்டிருக்கும். "கோணேசர்" எண்டு போட்டா ககரம் தனிய நிக்க, பக்கத்திலை புள்ளி வட்டம் ஒண்டு, அதுக்கு ரெண்டு பக்கமும் கொம்பும் காலும். ஊர்க் கோயிலின்ரை பேரைக் கோதாரியாக்கிப்போட்டு "நொடிக்கு அறுபது பிரேம் ஓடுது" எண்டு பெருமை வேறை! பிரவுசரிட்டையே எழுதக் குடுத்தா இந்தக் கரைச்சலே இல்லை. எஸ்விஜியிலையும் கான்வஸிலையும் தமிழ் வடிவா, கொம்பு இருக்கவேண்டிய இடத்திலை வருது. இதைச் சொன்னா, "அப்ப பேரை இங்கிலீசிலை போடுங்கோவன் அண்ணை" எண்டு ஒரு பதில். திருகோணமலையிலை இருந்துகொண்டு!

இவை காட்டுற மாதிரிகளிலை எல்லாம் பத்து லட்சம் புள்ளி சுழலும், கிராபிக்ஸ் காட் பூட்டின கொம்பியூட்டரிலை. இஞ்சை வெயிலிலை, சூடேறின போனிலை, வேறை ஆப்புக்குப் போட்டுத் திரும்பி வரேக்கை வெப்ஜிஎல்லுக்குப் பிரவுசர் குடுத்த கீறுற இடம் (கொன்டெக்ஸ்ட்) துலைஞ்சு திரை கறுப்பா நிண்டா, அந்த விடுதிக்காரர் போன் எடுக்கிறது இவைக்கில்லை, எனக்கு.

எஸ்விஜியிலைதான் செய்யிறன். செய்துகொண்டிருக்கேக்கை அவரே போன் எடுத்தார்: "தம்பி, கடல் பக்கம் வெறுமையாக் கிடக்கு, திமிங்கிலம் ஒண்டு முப்பரிமாணத்திலை நீந்தினா நல்லா இருக்குமெல்லே?" ஆர் சொல்லிக் குடுத்திருப்பினம் எண்டு எனக்குத் தெரியும்.