4பிடி எஞ்சின் செரோக்கியில் "அப்படியே உட்காராது"

"பழைய ஜீப் செரோக்கி எக்ஸ்ஜேயில் கம்மின்ஸ் 4பிடி டீசல் எஞ்சின் அப்படியே உட்காரும், நாலு போல்ட் போதும்" என்று மேலே நீங்கள் சொன்னது தவறு நண்பரே. 3.9 லிட்டர் 4பிடி சுமார் 340 கிலோ, கம்பெனி 4.0 பெட்ரோல் எஞ்சினைவிட ஏறத்தாழ 100 கிலோ கூடுதல். அத்தனையும் முன்சக்கரத்தின் மேல்தான் இறங்கும். எக்ஸ்ஜேக்குத் தனிச் சேஸி (அடிச்சட்டம்) கிடையாது, பாடியே சேஸி. நான் பார்த்த ஒரு வண்டியில் எஞ்சினைத் தாங்கும் மவுண்ட்டின் வெல்டிங் ஓரமாகத் தகடு மயிரிழையாய் விரிசல் விட்டிருந்தது, ஐடிலில் (வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடும்போது) கண்ணாடியெல்லாம் நடுங்கியது. பழைய கியர்பாக்ஸும் நேரடியாகப் பொருந்தாது. டீசல்தான் வேண்டுமென்றால், ஐரோப்பாவில் கம்பெனியே இதே வண்டியில் போட்டு விற்ற விஎம் மோட்டோரி 2.5 எஞ்சினைத் தேடுங்கள். தயவுசெய்து பாடியை வலுப்படுத்தாமல் 4பிடியை ஏற்றாதீர்கள்.