நான் யார் கையைப் பிடித்து ஆடினேன்?

எங்கள் ஊர் நடனத்தில் நான் ஒரு வெள்ளைக்காரர் கையைப் பிடித்து ஆடிய வீடியோவையும், அதற்குக் கீழே என்னைத் திட்டி வந்த கமெண்டுகளையும் உங்களில் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். இரண்டு நாள் பேசாமல்தான் இருந்தேன். "விடுடி, நாலு பேர் நாலு விதமாகத்தான் பேசுவார்கள்" என்று அக்கா போனில் சொன்னாள். விட முடியவில்லை.

அது பார்ட்டி இல்லை. ஆஸ்திரேலியாவில் எங்களைப் போன்ற ஒதுக்குப்புற ஊர்களுக்கு விமானத்தில் வந்து மருத்துவம் பார்க்கும் ஃப்ளையிங் டாக்டர் சேவைக்குப் பணம் சேர்க்க எங்கள் ஊர் நினைவு மண்டபத்தில் நடந்த ராக் அண்ட் ரோல் நடனம். நுழைவுக் கட்டணம் 25 டாலர், ராஃபிள் என்ற பரிசுக் குலுக்கலுக்குத் தனியாக 2 டாலர். முதல் பரிசு ஒரு தட்டு நிறைய இறைச்சி. நான் 120 மெதுவடை சுட்டுக் கொண்டுபோனேன். ஒன்பது மணிக்குள் ஒன்றுகூட மிச்சமில்லை.

"ஆட்டம் போட்டுத்தான் தர்மம் பண்ணணுமா? நேராகப் பணத்தைக் கொடுத்தால் ஆகாதா?" என்று சிட்னியிலிருந்து ஒரு பெரியவர் கேட்டிருந்தார். ஆகாது ஐயா. எங்கள் ஊரில் ஆகாது. பேக்கரி கல்லாப்பெட்டி பக்கத்தில் வருடம் முழுக்க ஒரு உண்டியல் இருக்கிறது. சில்லறைதான் விழுகிறது. அதே ஆட்கள் நடனம் என்றால் 60 கிலோமீட்டர் வண்டி ஓட்டி வருகிறார்கள். மழை இல்லாத வருடங்களில் மூன்று வாரம் ஆட்டைத் தவிர வேறு முகத்தைப் பார்க்காத விவசாயிகள் இங்கே உண்டு. கூட்டம் என்று கூப்பிட்டால் வரமாட்டார்கள். சொற்பொழிவு என்றால் கட்டாயம் வரமாட்டார்கள். பாட்டுப் போட்டால் வருவார்கள். ஆட்டம்தான் ஊரைக் கூட்டுகிறது. ஊர் கூடினால்தான் பணம்.

நம் பேராவூரணிப் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து போடுகிறார்களே, அங்கே போய், கறிச்சோறு எதற்கு, வீட்டிலிருந்தே பணத்தை அனுப்பலாமே என்று கேட்டுப் பாருங்கள். மொய் திருப்பிச் செய்ய வேண்டிய கடன், இது அப்படி இல்லை என்பீர்கள். தெரியும். ஆனால் ஊரை ஓரிடத்தில் உட்கார வைக்காமல் எந்த ஊரும் எதையும் கொடுத்ததில்லை.

இதெல்லாம் அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை என்று இன்னொருவர் எழுதியிருந்தார். சரிதான், ஒப்புக்கொள்கிறேன். அரசாங்கமும் கொடுக்கத்தான் செய்கிறது. ஆனால் விமானத்துக்கும் அதற்குள் இருக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் நன்கொடையும் வேண்டியிருக்கிறது. 1928இல் குயின்ஸ்லாந்தின் க்ளோன்கரியில் ஒரே ஒரு வாடகை விமானத்தோடு தொடங்கிய சேவை இது. 20 டாலர் நோட்டைத் திருப்பிப் பாருங்கள், அதைத் தொடங்கிய ஜான் ஃப்ளின் பாதிரியார் இருப்பார். தினமும் பர்ஸில் வைத்திருக்கிறீர்கள்.

ராக் அண்ட் ரோல் என்றாலே குடியும் கும்மாளமும் என்று எழுதியவருக்கும் சொல்கிறேன். 1961 மார்ச் 25 அன்று அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி ஹவாயின் பேர்ள் ஹார்பரில் ஒரு கச்சேரி செய்தார். இரண்டாம் உலகப் போரில் அங்கே குண்டுவீச்சில் மூழ்கிய அரிசோனா போர்க்கப்பலில் இறந்துபோனவர்களுக்கு நினைவிடம் கட்டப் பணம் போதவில்லை என்று செய்த கச்சேரி அது. 54,000 டாலருக்கு மேல் சேர்ந்தது. அந்த மனிதர் ஆஸ்திரேலியாவுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. ஆனாலும் எங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் பார்க்ஸ் என்ற ஊர் 1993 முதல் ஜனவரியில் அவர் பிறந்தநாளை ஒட்டி விழா எடுத்து வருகிறது. ஒரு உணவகத்தில் ஒரே ராத்திரியில் தொடங்கியது, இன்று 20,000 பேருக்கு மேல் வருகிறார்கள். ஓட்டல்காரர், பெட்ரோல் பங்க்காரர் என்று ஊரே அதில் பிழைக்கிறது.

இதெல்லாம் வாதம். எனக்கு வலித்தது வேறு. "கல்யாணமான பொம்பளை வெள்ளைக்காரன் கையைப் பிடித்துச் சுற்றுகிறாள், இதுதான் நம் பண்பாடா" என்ற வரி. அதற்கு 43 லைக். அதில் என் வீட்டில் சாப்பிட்டவர்களும் இருக்கிறார்கள்.

அந்தக் கை யாருடையது என்று சொல்கிறேன்.

நாலு வருடத்துக்கு முன் ஜூலை மாதம், இங்கே குளிர்காலம். ராத்திரி ஒரு மணிக்கு என் கணவருக்கு நெஞ்சுவலி. எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் ராத்திரியில் டாக்டர் கிடையாது. திரையில் தெரிந்த ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, உடனே விமானம் என்றார். ஆம்புலன்ஸ் எங்களை ஓடுதளத்துக்குக் கொண்டுபோனது. ஓடுதளம் முழுக்கக் கங்காரு. அவற்றை விரட்டாமல் விமானம் இறங்க முடியாது. யாரோ போன் பண்ணியிருக்கிறார்கள், ஒரு விவசாயி தன் யூட் வண்டியோடு, அதாவது பின்பக்கம் சுமை ஏற்றும் காரோடு, வந்தார். விளக்கைப் போட்டுக்கொண்டு, ஹாரனை அழுத்திக்கொண்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்ப் போய் வந்தார். அப்போது அவருக்கு 71 வயது. நான் நைட்டியோடு, வெறும் செருப்போடு, குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றிருந்தேன். வண்டியை நிறுத்தி இறங்கினார். தன் கோட்டைக் கழற்றி என் தோளில் போட்டார். ஆட்டு வாசனையும் டீசல் வாசனையும் அடித்தது. ஒன்றும் பேசவில்லை, திரும்பவும் வண்டியில் ஏறி விரட்டப் போய்விட்டார். விமானம் இறங்கியது. ஆரஞ்ச் என்ற நகரத்து ஆஸ்பத்திரியில் என் கணவர் பிழைத்தார். அந்த விமானத்துக்கு எங்களிடம் ஒரு டாலர்கூட வாங்கவில்லை.

வீடியோவில் நான் பிடித்திருப்பது அந்தக் கை.

அவர் மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அவர்கள் இருவரும் இதே மண்டபத்தில் ஆடித்தான் பழகினார்களாம். மனைவி போனபிறகு அவர் ஆடவே இல்லை. அன்றும் சுவரோரமாக, போரில் இறந்தவர்கள் பெயர்ப் பலகைக்குக் கீழே, டீக் கோப்பையோடு நின்றிருந்தார். நான்தான் போய்க் கூப்பிட்டேன். பக்கத்து வீட்டுப் பாட்டி தன் சமையலறையில் ஒரு மாதம் எனக்கு நடன அடி சொல்லிக் கொடுத்திருந்தார். முதலில் கால் தடுமாறியது. மரத்தரையில் பவுடர் தூவியிருந்தார்கள், வழுக்கியது. "கீழே பார்க்காதே, என்னைப் பார்" என்றார். மூன்றாவது பாட்டின்போது அவர் முகத்தில் வந்த சிரிப்புக்குத்தான் நீங்கள் பண்பாடு பேசினீர்கள்.

"புருஷன் எங்கே போனான்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். எங்கும் போகவில்லை. அந்த வீடியோவை எடுத்தவரே அவர்தான். கடைசியில் படம் ஆடுகிறதே, கவனித்தீர்களா? அப்போது அவர் அழுதுகொண்டிருந்தார்.

வீடியோவை எடுத்துவிடச் சொல்லி இன்பாக்ஸில் அறிவுரை சொன்ன அண்ணன்மாருக்கு, எடுக்கமாட்டேன். அன்று 6,000 டாலருக்கு மேல் சேர்ந்தது. அடுத்த நடனம் அக்டோபரில். பாட்டி எனக்குப் பாவாடை தைக்கத் துணி வாங்கிவிட்டார், சிவப்பில் வெள்ளைப் புள்ளி போட்டது. இந்த முறை வடை 200.