கடற்பாசியில் பக்டீரியா, அதற்காகக் கருவாட்டை ஒதுக்க வேண்டுமா?

ஹட்டன், நுவரெலியா பக்கத் தோட்டக் குழுக்களில் ஒரு வட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது: கரையோரப் பச்சைக் கடற்பாசி முழுக்க பக்டீரியாவாம், கடலே நஞ்சாகிவிட்டதாம், மலைக்கு வரும் கருவாட்டைத் தொடக்கூடாதாம்.

பாசியில் பக்டீரியா இருப்பது உண்மை. ஆனால் அது நோய் இல்லை. நம்ம போஞ்சி வேர் முடிச்சில் இருக்கிறதே, அந்த மாதிரி ஒரு கூட்டுக் குடித்தனம். சலாது இலை போல விரியும் உல்வா என்ற பாசியை பக்டீரியாவே இல்லாத நீரில் வளர்த்தால் அது இலையாகாமல் வெறும் கலக் கட்டியாகக் கிடக்கும். பச்சைப் பாசிகளுக்கு வடிவம் தரும் தலுசின் என்ற பொருளை ஒரு கடல் பக்டீரியாவிலிருந்து பிரித்தெடுத்த ஆய்வு 2005இல் 'சயன்ஸ்' இதழில் வந்தது, தேடிப் பார்க்கலாம்.

சரி, பாசியால் ஆபத்தே இல்லையா? கரையில் குவிந்து அழுகினால் ஐதரசன் சல்பைட்டு என்ற நச்சு வாயு வரும். 2009இல் பிரான்சின் பிரிட்டனிக் கடற்கரையில் ஒரு குதிரை அப்படித்தான் செத்தது. அது அழுகல் குவியலின் கதை, கருவாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கருவாட்டில் பூஞ்சணம் கண்டால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டுங்கள். அந்த வட்ஸ்அப் செய்தியை மட்டும் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.