லாபம் ஏதும் இருந்தால்

(விடுமுறை நாள். பானு டிவி முன்னால் மூன்று டிஸ்க்குகளை வரிசையாக வைத்திருக்கிறாள். அப்பா ஓய்வு பெற்ற ஆடிட்டர். ஓய்வு பெற்றது வேலையிலிருந்து மட்டும்தான், சுபாவத்திலிருந்து இல்லை. அவர் கையில் 'தி ஹாபிட்' நாவல். படிக்கவில்லை, கடைசிப் பக்கத்தின் எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.)

அப்பா: பானு, இந்தப் புத்தகம் 300 பக்கம் சொச்சம்தானே இருக்கிறது?

பானு: ஆமாம்ப்பா. 1937இல் டோல்கீன் குழந்தைகளுக்காக எழுதின கதை.

அப்பா: இங்கே டிஸ்க் மூன்று இருக்கிறது.

பானு: மூன்று படம்.

அப்பா: போன மாதம் ஒன்று காட்டினாயே, மோதிரத்தைக் கொண்டுபோய் எரிமலையில் போடுவதற்குள் விடிந்துவிட்டதே, அது எத்தனை பக்கம்?

பானு: 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' தானே? அதுவும் டோல்கீன் எழுதினதுதான். ஆயிரத்துக்கு மேல்.

அப்பா: அது எத்தனை படம்?

பானு: அதுவும் மூன்றுதான்.

அப்பா: இடிக்கிறதே.

(பழைய கவர் ஒன்றின் பின்புறத்தில் கணக்குப் போடுகிறார். பக்கத்திலேயே போன் இருக்கிறது, அதில் கால்குலேட்டரும் இருக்கிறது. சொன்னால் கோபம் வரும்.)

அப்பா: 169, 161, 144. ஆகமொத்தம் 7 மணி 54 நிமிடம். பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தால் நானே இதைவிடச் சீக்கிரம் படித்து முடித்துவிடுவேன்.

பானு: முதலில் இரண்டு படம் என்றுதான் ஆரம்பித்தார்கள். 2012 டிசம்பரில் முதல் படம் ரிலீஸ். ஜூலை கடைசியில்தான் மூன்று என்று அறிவித்தார்கள்.

அப்பா: வருடக் கணக்கை முடிக்கிற நேரத்தில் புதிதாக ஒரு லெட்ஜர் திறந்திருக்கிறார்கள். யார் அந்தப் புண்ணியவான்?

பானு: பீட்டர் ஜாக்சன். மோதிரப் படங்களை எடுத்தவரேதான். ஆனால் இதற்கு அவர் முதல் சாய்ஸாக வரவில்லை, ஆள் மாறித்தான் வந்தார்.

அப்பா: கையில் வெண்ணெய் மாதிரி ஆள் இருக்கும்போது வேறு ஆளை எதற்குத் தேடினார்கள்?

பானு: அவர் ஸ்டுடியோ மேல் கேஸ் போட்டிருந்தார்ப்பா. 2005இல், நியூ லைன் மேல். முதல் மோதிரப் படத்தின் வருமானத்தில் தனக்கு வர வேண்டியது சரியாக வரவில்லை, கணக்கைத் தணிக்கை செய்ய வேண்டும் என்று.

(அப்பா நிமிர்ந்து உட்கார்கிறார். காலையிலிருந்து இப்போதுதான் முகத்தில் களை வந்திருக்கிறது.)

அப்பா: தணிக்கையா கேட்டார்?

பானு: ஆமாம்.

அப்பா: அவராகவே கேட்டாரா? கலைஞர்களில் இப்படி ஒரு மனுஷனா! இதை முதலிலேயே சொல்வதற்கென்ன, குட்டை மனிதன், தாடிக் கிழவர் என்று ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தாய். சரி, ஸ்டுடியோ என்ன சொன்னது?

பானு: நான் இருக்கிறவரைக்கும் இந்த ஆளோடு படம் கிடையாது என்று தலைவர் 2007 ஜனவரியில் பேட்டியே கொடுத்துவிட்டார். அந்த டிசம்பரில் சமரசம். ஜாக்சன் தயாரிப்பாளராக உள்ளே வந்தார்.

அப்பா: பதினொரு மாதம். முகத்திலேயே விழிக்க மாட்டேன் என்று சொன்னவர்கள் எல்லாரும் அடுத்த பட்ஜெட்டுக்குள் ஒரே மேஜையில் உட்கார்ந்திருப்பார்கள். நான் பார்க்காததா? அப்புறம்?

பானு: 2008 ஏப்ரலில் கியெர்மோ டெல் டோரோவை டைரக்டராக அறிவித்தார்கள். அவர் நியூசிலாந்துக்கே குடிபோனார். திரைக்கதை எழுதினார், பிராணிகளுக்கு உருவம் வரைந்தார், செட்டுக்குத் திட்டம் போட்டார். இரண்டு வருடம் போச்சு. 2010 மே மாதக் கடைசியில் விலகிவிட்டார்.

அப்பா: சண்டையா?

பானு: சண்டை இல்லை. ஷூட்டிங் எப்போது ஆரம்பிக்கும் என்று யாராலும் அவருக்குத் தேதி சொல்ல முடியவில்லை. ரிலீஸ் முதலில் 2010 என்றார்கள், அப்புறம் 2011 ஆச்சு, 2012 ஆச்சு. படத்தில் பாதிப் பங்கு எம்ஜிஎம் என்கிற இன்னொரு ஸ்டுடியோவுக்கு. அவர்கள் தலைக்கு மேல் கடன்.

அப்பா: எவ்வளவு?

பானு: சுமார் 400 கோடி டாலர். 2010 நவம்பரில் திவால் நோட்டீஸே கொடுத்தார்கள்.

(அப்பா எழுந்தே நின்றுவிடுகிறார். இது மரியாதையா பதற்றமா என்று பானுவுக்குப் புரியவில்லை.)

அப்பா: 400 கோடி கடனை வைத்துக்கொண்டு படம் எடுக்கக் கிளம்பினார்களா? அவர்கள் எப்படி இதில் பங்குதாரர் ஆனார்கள்?

பானு: டோல்கீன் 1969இலேயே பட உரிமையை யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்கிற படக் கம்பெனிக்கு விற்றுவிட்டார். அது கை மாறிப் பிரிந்து, இந்தக் கதையின் விநியோக உரிமை மட்டும் எம்ஜிஎம்மிடம் போய் நின்றது.

அப்பா: வில்லங்கம் அங்கேயே ஆரம்பம். சரி, கதைதான் என்ன?

பானு: மலைக்குள்ளே குள்ளர்களுடைய தங்கம் இருக்கிறது. அதன் மேல் ஒரு டிராகன் படுத்துத் தூங்குகிறது.

அப்பா: வட்டிக்கும் விடாமல்?

பானு: டிராகன்ப்பா அது.

அப்பா: படத்துக்குள்ளே ஒருத்தர் தங்கத்தின் மேல் படுத்திருக்கிறார், படத்துக்கு வெளியே ஒருத்தர் கடன் மேல் படுத்திருக்கிறார். நடுவில் அந்த டெல் டோரோ பிராணி வரைந்துகொண்டிருந்தாராக்கும். வரைந்ததெல்லாம் வீணா?

பானு: திரைக்கதையில் மூன்று படத்திலும் அவர் பெயர் இருக்கிறது. ஆனால் டிசைன்... ஒரு டைரக்டர் மனதில் ஓடின படத்தை இன்னொருவர் எப்படி எடுப்பார்? ஜாக்சன் கிட்டத்தட்ட முதலிலிருந்துதான் யோசிக்க வேண்டியிருந்தது.

அப்பா: போன டைரக்டர் திரும்பி வருவதே இல்லையா?

பானு: அப்படியும் நடந்திருக்கிறது. 'தி கோல்டன் காம்பஸ்' என்று ஒரு படம். கிரிஸ் வைட்ஸ் டைரக்டர். இவ்வளவு பெரிய தொழில்நுட்ப வேலை என்னால் தாங்காது என்று 2004இல் போனார். ஆனந்த் டக்கர் வந்தார். கருத்து வேறுபாடு, 2006இல் அவரும் போனார். போன வைட்ஸே திரும்ப வந்து எடுத்து முடித்தார். நாவலின் கடைசி அத்தியாயங்களை அடுத்த பாகத்துக்கு என்று எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

அப்பா: அடுத்த பாகம் எங்கே?

பானு: வரவே இல்லை. அதுவும் நியூ லைன்தான். 2008இல் அந்தக் கம்பெனியே வார்னர் பிரதர்ஸுக்குள் அடங்கிவிட்டது.

அப்பா: கிளைமாக்ஸை 'கேரி ஃபார்வர்ட்' பண்ணிவிட்டுக் கடையை மூடியிருக்கிறார்கள். சரி, நம் கதைக்கு வா. ஜாக்சன் வந்ததும் எல்லாம் சீராகிவிட்டதா?

பானு: கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதைதான். 2010 அக்டோபரில் மினியேச்சர் ஸ்டுடியோவில் தீ. அதே சமயம் நடிகர் சங்கத் தகராறு. படம் நாட்டை விட்டுப் போய்விடுமோ என்று பயந்து நியூசிலாந்து அரசாங்கம் தொழிலாளர் சட்டத்தையே திருத்தியது.

அப்பா: ஒரு படத்துக்காகச் சட்டமா?

பானு: அந்த மாதமே. அடுத்த ஜனவரியில் ஜாக்சனுக்கு அல்சர் முற்றி ஆபரேஷன்.

அப்பா: 400 கோடி கடன் யாருக்கு, அல்சர் யாருக்கு பார்.

பானு: 2011 மார்ச் 21ஆம் தேதி ஒருவழியாக ஷூட்டிங். ஹீரோ மார்ட்டின் ஃப்ரீமனுக்கு 'ஷெர்லாக்' தொடர் இருந்தது. அவர் போய் நடித்துவிட்டு வரட்டும் என்று நடுவில் இடைவெளி விட்டார்கள்.

அப்பா: எல்லாருக்காகவும் காத்திருந்திருக்கிறார்கள், தங்கமான மனிதர்கள்.

பானு: டைரக்டருக்காக மட்டும் காத்திருக்கவில்லை. மோதிரப் படத்துக்கு ஜாக்சனுக்கு மூன்றரை வருடம் முன்தயாரிப்பு நேரம் இருந்தது. இதில் டெல் டோரோ போன பிறகு கடிகாரத்தை யாரும் பின்னால் திருப்பி வைக்கவில்லை. கடனுக்கு ஒரு வருடம், வழக்குக்கு இரண்டு வருடம், எல்லாவற்றுக்கும் தேதியைத் தள்ளினார்கள். இவர் வந்து நின்றதும் தேதி சிமெண்ட் போட்ட மாதிரி இறுகிவிட்டது.

அப்பா: (மெதுவாக) மார்ச் 31.

பானு: என்னப்பா?

அப்பா: ஒன்றுமில்லை, சொல்.

பானு: இன்றைக்கு என்ன காட்சி என்று யோசித்துக்கொண்டே செட்டுக்குப் போவாராம். காட்சிகளை முன்கூட்டியே வரைந்து வைக்கிற ஸ்டோரிபோர்டு கிடையாது. பெரிய போர் ஒன்று வருகிறது, மூன்றாவது படமே அதுதான். 2012இல் அதை எடுக்க வேண்டிய சமயத்தில் எப்படி எடுப்பது என்று அவருக்கே பிடிபடவில்லை. எல்லாரும் வீட்டுக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டு அடுத்த வருடம்தான் எடுத்தார். மூன்று படமானதில் அவருக்குக் கிடைத்த ஒரே நன்மை அந்த அவகாசம்.

அப்பா: இதெல்லாம் யார் சொன்னது? மொட்டைக் கடிதமா?

பானு: அவரேதான். மூன்றாவது படத்தின் டிஸ்க்கில், 'படம் உருவான விதம்' பகுதியில் சொல்கிறார்.

அப்பா: காசு கொடுத்து வாங்குகிற டிஸ்க்கிலேயே வாக்குமூலமா? அதை முதலில் போடு.

பானு: முதலில் முதல் படம்ப்பா!

அப்பா: வசூல்?

பானு: மூன்றும் சேர்த்து 290 கோடி டாலர் பக்கம்.

அப்பா: (ஏமாற்றத்தோடு) அப்போது யாரும் திருந்தியிருக்க மாட்டார்கள். சரி, ஓட்டு.

(படம் ஓடுகிறது. பதின்மூன்று குள்ளர்கள் ஹாபிட் வீட்டுக்குள் ஒவ்வொருவராக வந்து இறங்குகிறார்கள். அப்பா தலைகளை எண்ணிக்கொண்டிருக்கிறார். தங்கத்தை மீட்க ஒரு திருடன் வேண்டும், வீட்டுக்கார ஹாபிட் பில்போதான் அந்தத் திருடன் என்கிறார்கள். நீளமான காகிதம் ஒன்றை மடிப்பு மடிப்பாகப் பிரித்து அவன் படிக்கிறான்.)

அப்பா: நிறுத்து! என்ன அது?

பானு: ஒப்பந்தம்.

அப்பா: திருட்டுக்கு எழுத்துப்பூர்வமான ஒப்பந்தமா? அந்த ஷரத்தை வாசி.

பானு: மொத்த லாபத்தில் பதினாலில் ஒரு பங்குக்கு மிகாமல். லாபம் ஏதும் இருந்தால்.

அப்பா: பதின்மூன்று குள்ளர், ஒரு திருடன், பதினாலு சரி. தாடிக்காரர் கௌரவப் பதவி போலிருக்கிறது. 'லாபம் ஏதும் இருந்தால்'. ம். கணக்கு எழுதப்போவது யார்?

பானு: குள்ளர்கள்தான்.

அப்பா: தணிக்கை ஷரத்து இருக்கிறதா?

பானு: இறுதிச் சடங்குச் செலவு இருக்கிறது. டிராகன் பொசுக்கினால் பொறுப்பில்லை என்று இருக்கிறது. தணிக்கை இல்லை.

(பானு ஓட்டுகிறாள். பில்போ மயங்கி விழுகிறான். அப்பா ரிமோட்டை வாங்கி, பின்னால் தள்ளி, அந்தக் காகிதத்தை மறுபடியும் பார்க்கிறார்.)

அப்பா: பானு, ஸ்டோரிபோர்டு இல்லாமல் எடுத்தார், நேரமே இல்லாமல் எடுத்தார் என்றாயே.

பானு: ஆமாம்.

அப்பா: இந்தக் காட்சிக்கு மட்டும் அவருக்கு ஒரு தயாரிப்பும் தேவைப்பட்டிருக்காது.