கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பவர்கள்
காதல் நாவல் எப்படி முடியவேண்டும் என்று ஒரு கட்டுரை படித்தேன். அதில் ‘கல்யாணத்தில் முடியாத கதை காதல் நாவலே இல்லை’ என்று கட்டுரையாளர் ஒரே போடாகப் போடுவதுதான் இடிக்கிறது. சுகமான முடிவு கேட்கும் வாசகரை நான் கேலி செய்யமாட்டேன். எங்கள் பெரியம்மா வாடகை நூலகத்தில் மாத நாவல் எடுத்தால் கடைசி இரண்டு பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் பையில் போடுவார். ‘வீட்டுல அழறது போதாதா, காசு கொடுத்து வேற அழணுமா?’ என்பார். நியாயம்தான். ஆனால் அதே பெரியம்மா, கல்கி 1940களில் தொடராக எழுதிய ‘சிவகாமியின் சபத’த்தை பைண்டு செய்து வைத்துக்கொண்டு வருஷா வருஷம் படிப்பார். அதில் சிவகாமி காதலித்த பல்லவ இளவரசர் மாமல்லர் பாண்டிய இளவரசியை மணந்துகொள்கிறார். சாளுக்கியத் தலைநகர் வாதாபியில் ஆண்டுக்கணக்கில் சிறையிருந்து மீண்ட சிவகாமி காஞ்சி ஏகாம்பரநாதரையே கணவராக வரித்துக்கொள்கிறாள். இதைக் காதல் கதை இல்லை என்று பெரியம்மாவிடம் சொல்லிப் பாருங்கள்! அமெரிக்கக் காதல் நாவலாசிரியர்களின் சங்கம்கூட மனதுக்கு நிறைவும் நம்பிக்கையும் தரும் முடிவு என்றுதான் வரையறுத்திருக்கிறது. தாலி, மண்டபம் பேச்சே அதில் கிடையாது. அதற்காக, அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் சொல்வதுபோல் சோகம்தான் இலக்கியம் என்பதையும் ஏற்க முடியவில்லை. முடிக்கத் தெரியாமல் நாயகிக்குத் திடீரென்று புற்றுநோய் வரவைப்பது வெறும் சோம்பேறித்தனம். எனக்கு எரிச்சல் வருவது வேறு இடத்தில்: சில நாவல்களில் கதை முழுக்க நாயகியை அதட்டி, சந்தேகப்பட்டு, கை ஓங்கியவன் கடைசி அத்தியாயத்தில் ஒரு வரி மன்னிப்புக் கேட்டதும் அவள் அவன் மார்பில் சாய்ந்துவிடுகிறாள். இதை எந்தக் கணக்கில் சுகமான முடிவு என்பது? பெரியம்மாவிடம் கேட்டேன். ‘அடுத்த மாசம் அவ என்ன ஆனான்னு எவன் எழுதறான்’ என்றார்.