கூண்டில் இருந்தது, கணக்கில் இல்லை: காஸ்பியன் புலி

1899-இல் பெர்லின் மிருகக்காட்சிசாலையில் எடுக்கப்பட்ட காஸ்பியன் புலியின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று இணையத்தில் அடிக்கடி சுற்றி வருகிறது. பார்க்கிறவர்கள் "ஐயோ, இப்படி ஒரு இனமே இல்லாமல் போச்சே" என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அந்தப் படத்தைப் பார்த்தால் வருத்தத்துக்கு முன்னால் கோபம்தான் வருகிறது. காட்டில் அழித்தார்கள் என்ற கோபம் ஒரு பக்கம். கையிலேயே இருந்த காலத்தில், இது எந்த ஆற்றங்கரையில் பிடிபட்டது, இதற்கு ஜோடி எந்த ஊரில் இருக்கிறது, குட்டி போட்டதா என்று தொடர்ந்து குறித்து வைக்க ஒரு பொதுக் கணக்குப் புத்தகம் கூட இல்லையே என்ற கோபம் இன்னொரு பக்கம்.

இந்தப் புலியைப் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். கிழக்குத் துருக்கி, காக்கசஸ் மலையடிவாரம், வட ஈரான், அங்கிருந்து அமு தரியா, சிர் தரியா ஆறுகளை ஒட்டி மத்திய ஆசியா முழுக்க, சீனாவின் சிஞ்சியாங் வரைக்கும் இது இருந்தது. நம் ஊர்ப் புலி போல அடர்ந்த மழைக்காட்டிலோ தேக்குக் காட்டிலோ அல்ல, பாலைவனத்தின் நடுவே ஓடும் ஆறுகளின் கரையில், ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த நாணல் புதர்களில். பனிக்காலத்தில் உடம்பெல்லாம் நீண்ட ரோமம். காட்டுப்பன்றியும் மானும்தான் முக்கிய இரை. 1815-இல் ஜெர்மன் விலங்கியலாளர் இல்லிகர் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். ஈரானில் இன்றும் மாசந்தரான் புலி என்றுதான் சொல்கிறார்கள்.

அழிந்த விதம் எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒன்றுதான். ரஷ்யப் பேரரசு மத்திய ஆசியாவுக்குள் வந்தபோது புலிகளைச் சுடும் வேலையில் ராணுவ வீரர்களையே இறக்கியது. அதோடு நின்றிருந்தால்கூட மிச்சம் இருந்திருக்கும். நாணல் காடுகளை அழித்துப் பருத்தி போட்டார்கள். நாணல் போனதும் பன்றி போனது, பன்றி போனதும் புலிக்குச் சாப்பாடு இல்லை. சோவியத் அரசு 1938-இல் தஜிகிஸ்தானில் புலியின் பெயரிலேயே திக்ரோவயா பல்கா என்று ஒரு காப்பகம் அமைத்தது, 1947-இல் வேட்டைக்குத் தடையும் போட்டது. காலம் கடந்துவிட்டது. துருக்கியில் ஆவணமாகப் பதிவான கடைசிப் புலி 1970-இல் உலுதெரே பகுதியில் சுடப்பட்டது. அது புலிதான் என்று வெளியுலகுக்குத் தெரிந்ததே சில ஆண்டுகள் கழித்து, தோலைப் பார்த்த பிறகு.

சரி, காட்டுக் கதை இவ்வளவு. நான் சொல்ல வந்தது கூண்டுக் கதை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் காக்கசஸிலிருந்து வந்த ஒரு பெண்புலி பெர்லினில் இருந்தது. வட ஈரானில் பிடிபட்ட ஒரு புலி இருபதாம் நூற்றாண்டில் மாஸ்கோவில் இருந்தது. இவை நமக்குத் தெரிந்தவை. தெரியாமல் போனவை எத்தனை என்பதுதான் கேள்வி. அந்தக் காலத்து மிருக வியாபாரத்தை நினைத்துப் பாருங்கள். பிடித்தவர் ஒருவர், ஊருக்குக் கொண்டு வந்தவர் ஒருவர், கப்பல் ஏற்றியவர் ஒருவர், ஐரோப்பாவில் வாங்கி விற்றவர் ஒருவர். கை மாற மாற, பிறந்த காடு மறைந்து துறைமுகத்தின் பெயர் மட்டும் மிஞ்சும். சில சமயம் நாட்டின் பெயர். பார்க்க வருகிற கூட்டத்துக்குப் புலி என்றால் புலி. பலகையில் அதற்கு மேல் எழுத வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

அதனால் இன்றைக்கு ஒருவர் இந்தப் புலிகளின் வரலாற்றைத் தேடப் போனால் கிடைப்பவை எல்லாம் துண்டு துண்டானவை. பழைய படங்கள், பூங்காக்கள் அச்சிட்ட கையேடுகள், வரவு செலவுக் கணக்கு. இவற்றில் எல்லாம் நம்பத்தகுந்தது கடைசியில் அருங்காட்சியகம்தான். கூண்டில் செத்த மிருகத்தின் தோலும் மண்டையோடும் பெரும்பாலும் பக்கத்து அருங்காட்சியகத்துக்குப் போகும். அங்கே ஒரு எண் கொடுத்து, வந்த தேதியைக் குறித்து, டிராயருக்குள் வைப்பார்கள். உயிரோடு இருந்தபோது கிடைக்காத மரியாதை செத்த பிறகு கிடைத்தது. எழுதும்போதே மனசு கனக்கிறது.

ஜாவா புலியின் கதையும் இதுதான். லண்டன் மிருகக்காட்சிசாலையில் எஃப். டபிள்யூ. பாண்ட் எடுத்த படம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் இந்தோனேசியப் பூங்காக்களிலும் ஜாவா புலிகள் இருந்தன. போருக்குப் பிறகு ஜாவா புலியைத் தேடுவதைவிட சுமத்ரா புலியை வாங்குவது சுலபம் என்று ஆகிவிட்டது. கூண்டு காலியாக இருக்கவில்லை, ஆகவே யாருக்கும் குறை தெரியவில்லை. 1970-களின் பிற்பகுதியில் கிழக்கு ஜாவாவின் மெரு பெத்திரியில் சில புலிகளின் தடங்கள் கிடைத்ததோடு அந்தக் கதையும் முடிந்தது. பாலிப் புலியோ, 1912-இல் அறிவியலில் முதன்முதலாக விவரிக்கப்பட்டு 1937-இல் கடைசியாகச் சுடப்பட்டது. உயிரோடு கூண்டில் இருக்கும் பாலிப் புலியின் படம் எதையும் நான் பார்த்ததே இல்லை.

"அந்தக் காலத்தில் யாருக்கு இதெல்லாம் தெரியும்" என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். இதை நான் ஏற்க மாட்டேன். ஏனென்றால் அதே காலத்தில், அதே ஜெர்மனியில், தெரிந்தவர்கள் இருந்தார்கள். ஐரோப்பிய பைசன் என்ற காட்டு மாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் உலகப் போரும் அதை ஒட்டி வந்த பட்டினியும் போலந்தின் பியாவோவியேஷா காட்டு மந்தையை முடித்துவிட்டன. காக்கசஸில் இருந்த கடைசி மந்தையும் 1927-இல் போனது. ஆனால் 1923-லேயே பிராங்பர்ட் மிருகக்காட்சிசாலை இயக்குநர் குர்ட் பிரீமெல், போலந்தின் யான் ஸ்டோல்ட்ஸ்மன் போன்றவர்கள் ஒரு சர்வதேசச் சங்கம் அமைத்து, எந்த ஊர்ப் பூங்காவில் எத்தனை பைசன், அதற்குத் தாய் எது, தகப்பன் எது, கலப்பில்லாததா என்று ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்தார்கள். தேறியவை வெறும் 54. அவற்றின் மூதாதையர் என்று பார்த்தால் 12 விலங்குகள். 1932-இல் வம்சாவளிப் பதிவேடு அச்சாகி வந்தது. இன்று ஐரோப்பாவில் பல ஆயிரம் பைசன்கள் காட்டில் திரிகின்றன, அத்தனையும் அந்தப் பன்னிரண்டின் வாரிசுகள்.

1923-இல் காஸ்பியன் புலி காட்டில் உயிரோடு இருந்தது! ஈரானில் இருந்தது, அமு தரியா கரையில் இருந்தது. பைசனுக்குச் செய்த கணக்கெடுப்பைப் புலிக்கும் செய்திருந்தால், தேவையான சில ஜோடிகளைச் சேர்க்க இன்னும் முப்பது ஆண்டு அவகாசம் இருந்தது. பைசன் ஐரோப்பாவின் சொந்த விலங்கு, அரசர்களின் காட்டில் வளர்ந்தது, அதற்குப் பாசம் கிடைத்தது. ஆசியாவிலிருந்து வந்த புலி காட்சிப் பொருளாகவே இருந்துவிட்டது. என் கருத்து இதுதான். புலிகளுக்கான சர்வதேச வம்சாவளிப் பதிவேடு லைப்சிக் மிருகக்காட்சிசாலையிலிருந்து வெளிவரத் தொடங்கியபோது 1970-கள் பிறந்துவிட்டன. அதில் எழுதுவதற்குக் காஸ்பியன் புலி மிச்சம் இல்லை.

அப்புறம் 2009-இல் ஒரு ஆய்வு வந்தது. கார்லோஸ் டிரிஸ்கால் குழுவினர் அருங்காட்சியகங்களில் இருந்த காஸ்பியன் புலி மாதிரிகளிலிருந்து, தாய்வழியாக மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை எடுத்துப் பார்த்தார்கள். மாஸ்கோவில் வாழ்ந்த அந்த ஈரானியப் புலியும் இதில் உதவியது. அவர்கள் படித்த பகுதியில் ரஷ்யாவின் ஆமூர் புலிக்கும் (சைபீரியப் புலி என்பதும் இதுதான்) காஸ்பியன் புலிக்கும் வித்தியாசம் டிஎன்ஏவின் ஒரே ஒரு எழுத்தில்தான். பிற்காலத்தில் பட்டு வணிகர்கள் நடந்த அதே வழியாக, பத்தாயிரம் ஆண்டுகளுக்குள் இவை கிழக்கிலிருந்து மேற்கே போயிருக்க வேண்டும் என்றார்கள். டிராயருக்குள் கிடந்த தோலில் யாரோ ஒரு குமாஸ்தா ஊர்ப் பெயரையும் எண்ணையும் சரியாக எழுதியிருந்ததால்தான் இது சாத்தியமானது. முகம் தெரியாத அந்த மனிதருக்கு நான் மனதாரக் கும்பிடு போடுகிறேன்.

இதை வைத்துக்கொண்டு "அப்படியென்றால் காஸ்பியன் புலி அழியவே இல்லை, ஆமூர் புலிதானே அது" என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். இதில் எனக்கு உடன்பாடு இல்லை. தாய்வழி டிஎன்ஏ நெருக்கம் என்பது உறவைச் சொல்லும். பாலைவன ஆற்றங்கரையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து பழகியதைத் திருப்பித் தராது. ஆனாலும் கஜகஸ்தானின் முயற்சியை முழு மனதோடு வரவேற்கிறேன். பால்காஷ் ஏரிக்குத் தெற்கே இலி ஆற்றுக் கழிமுகத்தில் 2018-இல் சுமார் 4,15,000 ஹெக்டேரில் ஒரு காப்பகம் அமைத்து, முதலில் புகாரா மான்களைக் கொண்டு வந்து விட்டார்கள். 2024 நவம்பரில் நெதர்லாந்திலிருந்து போதனா, குமா என்ற இரண்டு ஆமூர் புலிகள் வந்து சேர்ந்தன. இவை காட்டுக்குப் போகப் போவதில்லை, குட்டி பிறந்தால் அவைதான் போகும். இரையை முதலில், புலியைப் பிறகு என்ற வரிசை சரியானது. ஈரான் 2010-இல் ரஷ்யாவுக்குச் சிறுத்தைகளைக் கொடுத்து இரண்டு ஆமூர் புலிகளை வாங்கி டெஹ்ரானில் வைத்தது. காட்டைப் பார்ப்பதற்கு முன்பே ஆண்புலி நோயில் செத்துப்போனது.

நம் நாட்டிலும் ஒரு பாடம் நடந்திருக்கிறது. இங்கிலாந்தின் ட்வைகிராஸ் மிருகக்காட்சிசாலையில் 1976-இல் பிறந்த தாரா என்ற பெண்குட்டியை புலிப் பாதுகாவலர் பில்லி அர்ஜன் சிங் உத்தரப் பிரதேசத்தின் துத்வா காட்டுக்குக் கொண்டு வந்து வளர்த்துக் காட்டில் விட்டார். வங்கப் புலி என்று நம்பித்தான் வாங்கினார்கள். பிறகுதான் அதன் ரத்தத்தில் சைபீரியக் கலப்பு இருக்கிறது என்பது தெரிய வந்தது. துத்வா புலிகளின் ரோமத்தை ஆராய்ந்த விஞ்ஞானிகள் அந்த அடையாளத்தைக் கண்டார்கள். அர்ஜன் சிங்கின் அன்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிறந்த இடத்துக் கணக்கு சுத்தமாக இருந்திருந்தால் அந்தச் சர்ச்சையே வந்திருக்காது.

இப்போதும் உலகத்தில் காட்டில் இருப்பதைவிடக் கூண்டில் இருக்கும் புலிகள் அதிகம். 2008-இல் லுவோ ஷூஜின் குழுவினர் 14 நாடுகளில் கூண்டில் இருந்த 105 புலிகளைச் சோதித்தார்கள். 49 புலிகள் ஏதோ ஒரு துணையினத்தைச் சேர்ந்த கலப்பில்லாதவை, 52 கலப்பு, மீதி நாலு முடிவு செய்ய முடியாதவை. இதில் என்னை நிமிர வைத்த விஷயம் வேறு. அந்த 49 புலிகளில் சிலவற்றிடம், காட்டுப் புலிகளிடம் அதுவரை காணாத மரபணு வேறுபாடுகளும் இருந்தன. அதாவது இன்றைக்கும் ஏதோ ஒரு தனியார் பண்ணையில், பெயர்ப்பலகை இல்லாத ஒரு கூண்டில், காட்டுக்குத் தேவைப்படும் ஒரு புலி இருக்கக்கூடும். கொஞ்சம் ரோமம், ஒரு ரத்த மாதிரி, ஒரு பதிவு எண். 1899-இல் இந்தச் சோதனை கிடையாது. இன்று இருக்கிறது. புலி வைத்திருக்க உரிமம் கொடுக்கும் எந்த அரசும் இதைக் கட்டாயமாக்காமல் இருப்பதற்கு ஏற்கக்கூடிய ஒரு காரணத்தை இதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள், பேசுவோம்.