கழற்றிப் பார்த்தால்தான் தெரியுமாம்!

“கழற்றிப் பார்த்தால்தான் சார் தெரியும்.”

பழைய ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் யாரும் இதைக் கேட்காமல் தப்பியிருக்க முடியாது. எனக்கு இப்போது இதைக் கேட்டாலே ரத்தக் கொதிப்பு ஏறுகிறது. கோளாறு என்ன என்று நாம் சொல்லி முடிப்பதற்குள் “கியர்பாக்ஸை இறக்க வேண்டும்” என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். இறக்கக் கூலி தனி, பிரிக்கக் கூலி தனி. உள்ளே ஒரு குறையும் இல்லை என்று தெரிந்தாலும் திரும்பப் பூட்டக் கூலி தனி. கழற்றாமலேயே தெரிந்துகொள்ள எத்தனையோ வழிகள் இருக்கும்போது, அவற்றில் ஒன்றைக்கூடச் செய்யாமல் இதைச் சொல்ல எப்படித்தான் வாய் வருகிறதோ!

எங்கள் கார், டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) வைத்த, நான்கு கியர் கொண்ட பழைய ரகம். எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை. அப்பாவின் இடது முழங்கால் கிளட்ச் மிதிக்க ஒத்துழைக்காமல் போனபோது செகண்ட் ஹேண்டில் வாங்கியது. காலையில் ஒரு குறையும் இல்லாமல் ஓடும். நன்றாகச் சூடேறி, சென்னை கத்திப்பாரா நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது ‘டொக்’ என்று ஓர் இடி இடித்துவிட்டு மூன்றாவது கியரில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதன்பிறகு சிக்னலில் நின்று கிளம்பினாலும் மூன்றாவதுதான். மேம்பாலம் ஏறத் திணறும். பின்னால் நிற்பவர்கள் ஹாரனிலேயே நம் குலம் கோத்திரம் எல்லாம் விசாரித்துவிடுவார்கள். ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால், எதுவுமே நடக்காததுபோல் ஓடும்.

விஷயம் தெரிந்தவருக்கு இந்த ஒரு தகவலே போதும். எங்கோ ஒரு மின் சமிக்ஞை அறுந்துபோகிறது. கியர்பாக்ஸைக் கட்டுப்படுத்தும் கணினி அதைக் கண்டு, வண்டி வீடு வந்து சேரட்டும் என்று பாதுகாப்பு நிலைக்குப் போய், ஒரே கியரில் பூட்டிவிடுகிறது. அணைத்துப் போட்டதும் சரியாவதே அதற்குச் சாட்சி. தேய்ந்துபோன கிளட்ச் தட்டு, சாவியைத் திருப்பினால் வளர்ந்துவிடுமா?

ஆனால் நான் போன பட்டறையில் என்ன சொன்னார்கள்? “பிக்கப் இல்லை சார், கிளட்ச் பிளேட் நழுவுகிறது. ஒன்றரை லட்சம் ஆகும்.” ஓட்டிப் பார்த்தாரா என்றால், பார்த்தார், வாசலில் இருந்து தெருமுனை வரை. நழுவுவது வேறு, மூன்றாவது கியரில் கிளம்பத் திணறுவது வேறு. நழுவினால் ஆர்.பி.எம். முள் சரசரவென்று மேலே ஏறும். வண்டி மட்டும் அசைந்து கொடுக்காது. மூன்றாவதில் பூட்டிக்கொண்டால் முள்ளும் சோம்பலாகத்தான் ஏறும், வண்டியும் சோம்பலாகத்தான் நகரும். முள்ளைப் பார்த்தாலே தெரிந்துவிடுகிற வேறுபாடு இது. அந்த முள்ளைப் பார்க்க ஸ்பானர் வேண்டுமா, ஜாக்கி வேண்டுமா?

அடுத்தது எண்ணெய். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் எண்ணெய் வெறும் மசகு அல்ல. அந்த எண்ணெயின் அழுத்தம்தான் கிளட்ச்சுகளைப் பிடித்து கியரை மாற்றுகிறது, சூட்டையும் அதுதான் சுமந்து செல்கிறது. ஆகவே முதலில் பார்க்கவேண்டியது எண்ணெயை. பெரும்பாலும் சிவப்பாக இருக்கும். பழுப்பேறிக் கருகிய வாடை அடித்தால் கிளட்ச் தட்டின் உராய்வுப் பூச்சு எரிகிறது என்று அர்த்தம். ரோஸ்மில்க் நிறத்தில் குழம்பியிருந்தால், ரேடியேட்டருக்குள் இருக்கும் எண்ணெய்க் குளிர்விப்பான் ஓட்டையாகிக் கூலன்ட் கலந்திருக்கிறது. அப்போது பதறுவதில் நியாயம் உண்டு. ஒரு வெள்ளைத் துணியில் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தால் பாதிக் கதை வெளியே வந்துவிடும்.

இரண்டாவதாகப் போன இடத்தில் “எண்ணெயைப் பாருங்கள் தம்பி” என்று நானே வாய்விட்டுக் கேட்டேன். பையன் பானெட்டைத் திறந்தான், மஞ்சள் பிடி போட்ட டிப்ஸ்டிக்கை உருவினான், துடைத்தான், மறுபடி விட்டு எடுத்தான். “ஆயில் நன்றாக இருக்கிறது சார்.” அவன் உருவியது இன்ஜின் ஆயிலின் டிப்ஸ்டிக்! கியர்பாக்ஸுக்கு என்று தனி டிப்ஸ்டிக் கீழே, பேட்டரித் தட்டுக்குப் பின்னால் இருக்கிறது. அதைக் காட்டியதும், இன்ஜின் அணைந்து ஆறிப்போன நிலையிலேயே அதையும் உருவி “கொஞ்சம் குறைவு” என்று சொல்லி, ஊற்றுவதற்கு டப்பாவைக் கையில் எடுத்துவிட்டான். இந்த ரகத்தில் எண்ணெய் சூடேறி, நெம்புகோலை எல்லா நிலைக்கும் ஒருமுறை கொண்டுபோய்த் திரும்ப பார்க்கில் விட்டு, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அளவு பார்க்க வேண்டும். வேறு சில நிறுவனங்களில் சூடேற்றிவிட்டு, இன்ஜினை அணைத்த உடனே பார்க்கச் சொல்வார்கள். டிப்ஸ்டிக்கே இல்லாத கியர்பாக்ஸ்களும் உண்டு. குறிப்பிட்ட வெப்பநிலையில் அடித் திருகைத் திறந்து வழிவதைப் பார்க்க வேண்டும். கையேட்டில் எழுதியிருக்கிறது. கையேட்டைப் பிரிப்பதை மட்டும் இந்தத் தொழிலில் ஏனோ கௌரவக் குறைச்சலாக நினைக்கிறார்கள்.

அந்த டப்பாவில் என்ன எண்ணெய் என்று கேட்டேன். “எல்லா ஆட்டோமேட்டிக்குக்கும் இதுதான் சார்.” வயிறு எரிந்தது. ஒரு நிறுவனம் எஸ்.பி.-3 கேட்கும், இன்னொன்று டெக்ஸ்ரான் கேட்கும், மற்றொன்று டபிள்யூ.எஸ். கேட்கும். தனித்தனி கியர்களுக்குப் பதிலாக பெல்ட்டில் ஓடும் சி.வி.டி.க்கு வேண்டியது முற்றிலும் வேறு. உராய்வுக் குணம் மாறினால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கியர்பாக்ஸுக்கும் நடுக்கம் வந்துவிடும். நல்லவேளை, டப்பாவின் மூடி திறக்கவில்லை.

இதற்கு நேர் எதிர்த் துருவம், “இந்தக் கியர்பாக்ஸுக்கு ஆயுள் முழுக்க எண்ணெய் மாற்றத் தேவையில்லை” என்று சொல்லி அனுப்புகிற கூட்டம். யாருடைய ஆயுள்? வாரண்டியின் ஆயுளா? பல சொகுசுக் கார்களுக்குக் கியர்பாக்ஸ் செய்து தருகிற ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனமே தன் பெட்டிகளுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் எண்ணெயை மாற்றச் சொல்கிறது. நம் ஊர் வெயிலிலும், முதல் கியரிலேயே பாதி வாழ்க்கை கழிகிற நெரிசலிலும், அதற்கும் முன்னதாகவே மாற்றினால் நல்லது.

ஸ்கேனருக்கு வருகிறேன். “ஸ்கேன் செய்தாகிவிட்டது சார், கியர்பாக்ஸ் ஃபால்ட் என்று வருகிறது.” என்ன குறியீடு என்று கேட்டால், பி 0700. ஐயா, அது நோயின் பெயரே அல்ல! ‘கியர்பாக்ஸ் கணினியிடம் ஏதோ குறை பதிவாகியிருக்கிறது, அதனிடம் போய்க் கேள்’ என்று இன்ஜின் கணினி கைகாட்டி விடுவதுதான் பி 0700. அதன்பிறகு கியர்பாக்ஸ் கணினிக்குள் நுழைந்து படிக்க வேண்டும். அங்கேதான் கியர்பாக்ஸுக்குள் வரும் சுழற்சியை அளக்கும் உள்சுழற்சி சென்சாருக்கு பி 0715, வெளியே போகும் சுழற்சியை அளக்கும் வெளிச்சுழற்சி சென்சாருக்கு பி 0720, கியர் விகிதம் பொருந்தவில்லை என்றால் பி 0730, கன்வெர்ட்டர் பூட்டுக்கு பி 0741, எண்ணெய் வழியை மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வான சோலனாய்டுகளில் முதலாவதற்கு பி 0750 என்று பிரித்துப் பிரித்து எழுதியிருக்கும். மலிவான ஸ்கேனர்கள் பல இன்ஜினோடு நின்றுவிடும். நின்றுவிட்டது என்று சொல்வதற்கென்ன? அதைச் சொல்லாமல் ஒன்றரை லட்சம் என்கிறார்கள்.

அதைவிடக் கொடுமை, படித்தும் படிக்காமலும் எல்லாக் குறியீட்டையும் அழித்துவிடுவது. “ரீசெட் செய்துவிட்டேன், ஓட்டிப் பாருங்கள்.” குறை பதிவான நேரத்தில் வேகம் என்ன, சூடு என்ன என்று கணினி சேர்த்துவைத்த குறிப்பும் அதோடு போய்விடும். தடயத்தை அழித்துவிட்டு, அதற்கும் ரசீது போட்டார்கள். வண்டி விற்கிறவர்களும் இந்த ரீசெட்டைத்தான் நம்பியிருக்கிறார்கள். நாம் பார்க்கப் போகிற காலையில் இன்ஜினை முன்கூட்டியே சூடாக்கி வைப்பதும் அவர்களுடைய கைவரிசைதான். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் ரிவர்ஸ் விழத் தாமதமாவது தெரிந்துவிடுமே! பார்க்கிலிருந்து டிரைவுக்கோ ரிவர்ஸுக்கோ தள்ளினால் ஒன்றிரண்டு நொடிக்குள் வண்டி பிடித்துக்கொள்ள வேண்டும். தள்ளிவிட்டுக் காத்திருக்க நேர்ந்தால் எண்ணெய்க் குறைவோ, உள்ளே சீல் இறுகிப்போனதோ, பம்ப் சோர்ந்ததோ, ஏதோ ஒன்று இருக்கிறது.

பலருக்கு ஆட்டோமேட்டிக் என்றாலே எல்லாம் ஒன்றுதான். 2014இல் மாருதியின் செலேரியோவோடு ஏ.எம்.டி. பரவலாக வந்த பிறகு இந்தக் குழப்பம் இன்னும் கூடிவிட்டது. ஏ.எம்.டி. என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச்சையும் கியரையும் நமக்குப் பதிலாக ஓர் இயந்திரக் கை இயக்குகிறது. அதன் நோய் வேறு, மருந்து வேறு. என் மைத்துனர் தன் ஏ.எம்.டி.க்குக் கிளட்ச் மாற்றிய கதையைச் சொல்லி, “மாமா, நீங்களும் கிளட்ச் செட்டை மாற்றிவிடுங்கள்” என்று நல்ல மனதோடுதான் சொன்னார். அவரைக் கோபித்துக்கொள்ள முடியாது. தொழிலே அதுவாக இருப்பவர்களும் அப்படிப் பேசும்போதுதான் தாங்கவில்லை.

கியர்பாக்ஸின் தலையில் கட்டப்படும் பழிகளில் எத்தனை அதனுடையவை அல்ல என்று எண்ணிப் பார்த்தால் தலை சுற்றும். டிரைவில் போட்டதும் ‘திடும்’ என்றால் இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் கிழிந்திருக்கலாம். மேடேறும்போது குலுங்கினால் இக்னிஷன் காயில் ஒன்று செத்திருக்கலாம். பேட்டரி சோர்ந்திருந்தாலோ எர்த் கம்பி துருப்பிடித்திருந்தாலோ கணினியே உளறும். இதற்கெல்லாம் கியர்பாக்ஸை இறக்கினால் மலையைக் கெல்லி எலியைக்கூடப் பிடிக்க முடியாது.

எங்கள் காரில் இரண்டாவதாக ஒரு தொல்லையும் இருந்தது. அறுபது எழுபது கிலோமீட்டர் வேகத்தில், ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்துச் சீராகப் போகும்போது ஒரு நடுக்கம். மதுரவாயல் பைபாஸில் அப்படி நடுங்கும்போது, ஆக்ஸிலேட்டரை விடாமல் இடது காலால் பிரேக்கை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொட்டேன். நடுக்கம் அப்படியே நின்றது. காலை எடுத்ததும் சிறிது நேரத்தில் திரும்ப வந்தது. சீரான வேகத்தில் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேரடியாகப் பிணைப்பது கன்வெர்ட்டரின் பூட்டுக் கிளட்ச்; பிரேக் சுவிட்ச் பட்டதும் அது விட்டுவிடும். அப்போது நடுக்கம் போனால் சந்தேகம் அந்தப் பூட்டின் மேல்தான். இன்ஜினில் எரிபொருள் சரியாகப் பற்றாத மிஸ்ஃபயர் என்றால் பிரேக்கைத் தொடுவதால் நிற்காது. இந்தச் சோதனைக்குச் செலவு சுழியம். பின்னால் வண்டி வராத காலியான சாலை மட்டும் வேண்டும். நான் ஏறி இறங்கிய ஒரு பட்டறையிலாவது இதைச் செய்து பார்த்தார்களா? இல்லை.

கடைசியில் மூன்றாவது கியர்க் கோளாறைப் பிடித்தவர் கியர்பாக்ஸ் நிபுணர் அல்ல, ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியன். வயதானவர், அதிகம் பேசாதவர். கியர்பாக்ஸ் கணினிக்குள் போய்ப் படிக்கிற ஸ்கேனர் அவரிடம் இருந்தது. வண்டியைச் சூடேற்றி, பார்க்கில் நிறுத்தி, உள்சுழற்சி சென்சாரின் எண்ணைத் திரையில் வைத்துக்கொண்டார். பார்க்கில் அந்த எண் ஏறக்குறைய இன்ஜின் வேகத்தையே காட்டும். எழுநூற்றுச் சொச்சம் என்று நின்றது. கையை உள்ளே விட்டு ஒரு கனெக்டரை லேசாக ஆட்டினார். எண் சுழியத்துக்கு விழுந்தது. விட்டார், ஏறியது. மறுபடி ஆட்டினார், விழுந்தது. கனெக்டரைப் பிரித்துக் காட்டினார். ஊசிமுனை அளவுள்ள இரண்டு பின்களில் ஒன்று பச்சைப் பூத்திருந்தது. சூட்டில் பிளாஸ்டிக் இளகியதும் அந்தப் பின் தொடர்பை விட்டுவிடுகிறது. சோலனாய்டுகளின் மின்தடையையும் வெளிக் கனெக்டரிலிருந்தே மல்டிமீட்டரில் அளந்தார், எல்லாம் ஒழுங்கு. கியர்பாக்ஸில் ஒரு போல்ட்டைக்கூடத் தொடவில்லை. புதுப்பேட்டையில் அதே கனெக்டரை ஒயரோடு வாங்கிவந்து வெட்டி ஒட்டினார்.

“வண்டி தண்ணீரில் நின்றிருக்கிறது சார்” என்றார். கார்ப்பெட்டைத் தூக்கியபோது சீட் தண்டவாளத்தின் கீழே வண்டல் கோடு தெரிந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்திலா, 2023இல் மிக்ஜாம் புயலிலா, யார் கண்டார்? இந்த ஊரில் அப்படி நின்ற கார்கள் கழுவப்பட்டு, வாசனைத் திரவியம் தெளிக்கப்பட்டு, யார் யார் தலையிலோ கட்டப்பட்டிருக்கின்றன. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குக் காற்றுத் துளை உண்டு. தண்ணீர் அந்த மட்டத்துக்கு ஏறினால் உள்ளே போகும். போனால் கிளட்ச் தட்டின் பூச்சை ஒட்டியிருக்கும் பசையே விட்டுப்போகும். எங்கள் காரில் அந்த அளவுக்குப் போகவில்லை. பிறகு எண்ணெய் மாற்றுவதற்காக எண்ணெய்த் தட்டை இறக்கியபோது காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு மட்டுமே இருந்தது. அது இயல்பான தேய்மானம். இரும்புச் சில்லுகள் இருந்திருந்தால் அந்த ஒன்றரை லட்சத்தைக் கொடுத்திருக்க வேண்டியதுதான்.

வடித்து ஊற்றினால் பாதி எண்ணெய்கூட மாறாது, மீதி கன்வெர்ட்டருக்குள்ளேயே நிற்கும். அதனால் நிறுவனம் சொன்ன எண்ணெயையே வாங்கி, சில நாள் இடைவெளி விட்டு மறுபடியும் வடித்து ஊற்றினோம். நடுக்கம் பெருமளவு குறைந்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை. கன்வெர்ட்டரை மாற்றவேண்டிய நாள் வரலாம். வந்தால் கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. பார்த்துவிட்டு இறக்குங்கள் என்றுதான் தொண்டை கிழியக் கத்துகிறேன்.

இழுவை வண்டிக்காரரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மனம் ஆறாது. நடுச்சாலையில் நின்ற ஆட்டோமேட்டிக்கை, முன்சக்கரம் தரையில் உருள, கயிறு கட்டி இழுக்க வந்தார். இன்ஜின் ஓடாவிட்டால் பம்ப் ஓடாது, பம்ப் ஓடாவிட்டால் எண்ணெய் சுற்றாது. அப்படியே தூரம் இழுத்தால் நல்ல கியர்பாக்ஸும் பட்டறைக்குப் போய்ச் சேர்வதற்குள் கெட்டுப்போகும். மேலே ஏற்றிச் செல்லும் வண்டிதான் வேண்டும் என்றதற்கு, “ஆட்டோமேட்டிக் என்றால் இன்னும் எளிதாக உருளும் சார், நியூட்ரலில் போடுங்கள்” என்று எனக்கே பாடம் எடுத்தார்.

முதல் பட்டறையின் ரசீதை எடுத்துப் பார்த்தேன். ‘கியர்பாக்ஸ் பரிசோதனை’ என்று எழுதிப் பணம் வாங்கியிருக்கிறார்கள். என்ன பரிசோதித்தீர்கள், எண்ணெய் என்ன நிறத்தில் இருந்தது, கியர்பாக்ஸ் கணினியில் என்ன குறியீடு வந்தது என்று எழுத்தில் கேட்டு அனுப்பினேன். அதற்குப் பதில் இல்லை. கியர்பாக்ஸ் வேலைக்கு இந்த மாதம் முழுவதும் சிறப்புத் தள்ளுபடி என்று அவர்களிடமிருந்து குறுஞ்செய்தி மட்டும் வந்திருக்கிறது.